ஏ1சி 6.6, வெறும் வயிற்றில் 96: எதை நம்புவது?

உணவுத்தட்டு | திங்கள், காலை 9.10

விவாதத்துக்கு ஒரு ரிப்போர்ட். பெண், 38 வயது, 54 கிலோ, 156 செ.மீ. வெறும் வயிற்று சுகர் 96, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 128, ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 6.6. தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக்குறைவு எதுவும் கிடையாது. ரிப்போர்ட்டின் அடியில் "6.5-க்கு மேல் நீரிழிவு" என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 காலை, இரவு என்று எழுதியாகிவிட்டது. உணவுத்திட்டத்தை 6.6-ஐ வைத்துப் போடுவதா, 96-ஐ வைத்துப் போடுவதா?

சென்ட்ரிஃபியூஜ் | திங்கள், காலை 9.24

சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) எங்கே?

உணவுத்தட்டு | திங்கள், காலை 9.31

அதே நாள் எடுத்தது இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.7, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, சிவப்பணு 41 லட்சம், ஆர்டிடபிள்யூ (அந்த அளவு அணுவுக்கு அணு எவ்வளவு மாறுகிறது) 19.

ஹீம் | திங்கள், காலை 10.02

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாம்! எம்சிவி 66-ஐ சிவப்பணு எண்ணிக்கை 4.1-ஆல் (41 லட்சம், மில்லியனில்) வகுத்தால் 16 வருகிறது. மென்ட்சர் கணக்கில் 13-க்கு மேல் போனால் இரும்புச்சத்துக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா மைனர் (பரம்பரை ஹீமோகுளோபின் குறைபாடு) என்று சந்தேகிப்பது வழக்கம். ஆர்டிடபிள்யூ 19-ம் இரும்பையே காட்டுகிறது. உறுதி செய்ய ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் டெஸ்ட்) வேண்டும்.

ஏ1சி என்பது சுகர் டெஸ்ட் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. கருவி அளப்பது சுகரை அல்ல, ஹீமோகுளோபினை. அதன் பீட்டா சங்கிலியின் முனையில் உள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் தானாகவே ஒட்டிக்கொள்கிறது, இதற்கு நொதி தேவையில்லை. நூறு ஹீமோகுளோபினில் எத்தனை இப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்தச் சதவீதம். ரத்தத்தில் சுகர் எவ்வளவு என்பது ஒரு காரணி. அந்தச் சிவப்பணு எத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. சராசரி ஆயுள் சுமார் 120 நாள். இரும்பு இல்லாதபோது புது அணுக்கள் மெதுவாகத்தான் உற்பத்தியாகும், ஓட்டத்தில் இருப்பவை வயதானவையாக இருக்கும், சுகர் ஏறாமலேயே ஏ1சி ஏறும். பி12, ஃபோலேட் குறைவிலும் இதே திசைதான்.

இந்த ரிப்போர்ட்டில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சராசரி சுகர் = 28.7 × ஏ1சி − 46.7. ஏ1சி 6.6 என்றால் சராசரி 143. வெறும் வயிற்றில் 96, சாப்பிட்ட உச்சத்துக்குப் பிறகு 128 இருக்கும் ஒருவருக்கு நாள் முழுக்கச் சராசரி 143 எங்கிருந்து வரும்?

பொருநை | திங்கள், மதியம் 1.15

ஹீம் சொன்ன திசை சரி. ஆனால் எல்லாப் பழியையும் ரத்தசோகை தலையில் போட்டுவிடக்கூடாது. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் 1999–2006 தரவை வைத்து 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. இரும்புச்சத்துக் குறைவு உள்ள பெண்களில் ஏ1சி 5.5-க்குக் கீழே இருந்தவர்கள் அதற்கு மேலே நகர்ந்தார்கள். 6.5-ஐத் தாண்டும் அளவுக்கு நகர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே ரத்தசோகை உள்ள ஒருவருக்கு ஏ1சி 8.4 வந்தால் "அது அனீமியாதான் சார்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சிக்கல் 5.7-லிருந்து 6.8 வரையிலான விளிம்பில்தான்.

அந்த விளிம்பில் கருவியின் இடைவெளியும் சேர்ந்துகொள்கிறது. என்ஜிஎஸ்பி (ஏ1சி முறைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்கத் திட்டம்) சான்று வாங்கும் முறைக்கே 5 சதவீத ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. 6.5 என்று அச்சாகி வருவது 6.2-ஆகவும் இருக்கலாம், 6.8-ஆகவும் இருக்கலாம்.

அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு ஏ1சி-யை வைத்து நீரிழிவு என்று முடிவு செய்வது வழிகாட்டு நெறிகளிலேயே கிடையாது. இரண்டு சோதனைகள் எல்லையைத் தாண்ட வேண்டும். ஒரே நாள் சாம்பிளில் ஏ1சி-யும் (எல்லை 6.5) வெறும் வயிற்று சுகரும் (எல்லை 126) தாண்டியிருந்தாலும் போதும். இங்கே ஒன்றுதான் தாண்டியிருக்கிறது, அதுவும் நம்பமுடியாத ஒன்று. மெட்ஃபார்மின் எழுதியது அவசரம்.

சென்ட்ரிஃபியூஜ் | திங்கள், மதியம் 2.40

எல்லோரும் 6.6-ஐச் சந்தேகிக்கிறீர்கள். 96-ஐ யாரும் சந்தேகிக்கவில்லையே.

ரத்தம் எடுத்த பிறகும் டியூபுக்குள் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் போகும் சாம்பிளுக்கு இன்னும் கூட. சாம்பல் மூடி டியூபில் ஃப்ளோரைடு இருக்கிறதே என்பீர்கள். அந்த ஃப்ளோரைடு தடுப்பது எனோலேஸ் என்ற நொதியை. குளுக்கோஸ் சிதையும் வரிசையில் அது கடைசிக்கு முந்தைய படி. முதல் படியில் இருக்கும் ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி, கையில் ஏடிபி (செல்லின் எரிபொருள்) இருக்கும்வரை குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ளோரைடு டியூபிலும் இறக்கம் இருக்கும், அப்புறம்தான் நிற்கும். சிட்ரேட் கலந்த டியூப் உடனே நிறுத்திவிடும், ஆனால் நம் ஊரில் அதைப் பார்ப்பது அரிது.

மூன்று கேள்விகள். மூடி சாம்பல் நிறமா, சிவப்பா? எடுத்ததும் எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்கினார்களா? சாம்பிள் எடுத்த நேரத்துக்கும் கருவியில் ஏறிய நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? சிவப்பு மூடியில் இரண்டு மணி நேரம் கிடந்திருந்தால் இந்த 96 உண்மையில் 108-க்குப் பக்கம்.

உணவுத்தட்டு | திங்கள், மாலை 4.05

ரிப்போர்ட்டில் எடுத்த நேரம் 7.40, ரிசல்ட் நேரம் 11.15. டியூப் நிறம் தெரியாது.

சென்ட்ரிஃபியூஜ் | திங்கள், மாலை 4.11

மூன்றரை மணி நேரம். கருவியில் எப்போது ஏறியது என்று இதில் தெரியாது, ஆனால் அந்த 96 கல்வெட்டு இல்லை. அதே சமயம் 126-ஆக இருந்தது 96-ஆக இறங்கியிருக்கவும் வாய்ப்பு குறைவு. இனி எடுத்தால் அரை மணிக்குள் பிரிக்கும் இடத்தில் எடுங்கள். ஏ1சி-க்கு இந்தத் தொல்லை இல்லை, ஊதா மூடி டியூபில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

இன்னொன்று. எச்பிஎல்சி கருவியில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து முகடுகளாக வரைவது) ஓட்டியிருந்தால் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். எண்ணை மட்டும் தந்தால் பாதி ரிப்போர்ட்தான். மொத்தப் பரப்பு கருவியின் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தால் ரத்தசோகையால் சாம்பிளில் சரக்கு போதவில்லை என்று அர்த்தம், அந்த எண்ணை வெளியே விடவே கூடாது. ஏ0 என்ற வழக்கமான ஹீமோகுளோபின் முகட்டுக்குப் பிறகு தனியாக ஒரு முகடு நின்றால் எச்பிஎஸ் (அரிவாள் அணு ஹீமோகுளோபின்), எச்பிடி, எச்பிஇ மாதிரி மாறுபட்ட ஹீமோகுளோபின் இருக்கலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுப் பண்பு இருப்பது 1952-லேயே பதிவானது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. அந்தப் பக்கம் இருந்து வரும் சாம்பிளில் வரைபடம் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது தப்பு.

கிராமசுகாதாரம் | திங்கள், மாலை 6.30

எங்களிடம் இருப்பது குளுக்கோமீட்டர் மட்டும்தான். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறோம், எந்த நேரமானாலும் 140-க்கு மேல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம். அனீமியா உள்ளவர்களிடம் இந்த மீட்டர் எப்படி?

ஹீம் | திங்கள், இரவு 7.12

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஸ்ட்ரிப்பில் ஏறும் சொட்டில் சிவப்பணு குறைவாக இருந்தால் பிளாஸ்மாவின் பங்கு கூடும், மீட்டர் நிஜத்தைவிட உயர்த்திக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் எந்த ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) வரம்புக்குள் நம்பலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். புது மாடல்கள் சிலவற்றில் இதைத் தானே சரிசெய்யும் வசதி உண்டு.

இதில் உள்ள பொறியைக் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் ஏ1சி மேலே சாய்கிறது, குளுக்கோமீட்டரும் மேலே சாய்கிறது. காரணங்கள் வேறு, திசை ஒன்று. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அபூர்வ நோயாளியைப் பற்றிப் பேசவில்லை, பாதிப் பேரைப் பற்றிப் பேசுகிறோம்.

மீட்டருக்கே உரிய பிழையும் உண்டு. சர்வதேசத் தரப்படி 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம், அதாவது உண்மை 140 என்றால் 119-லிருந்து 161 வரை எதுவும் வரலாம். வடிகட்ட அனுப்புவதற்கு அது போதும், முடிவு சொல்வதற்குப் போதாது. வாழைப்பழமோ மாம்பழமோ உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். ஸ்பிரிட் காயும்முன் குத்தினாலும் தவறும். டப்பாவைத் திறந்துபோட்டால் ஈரப்பதத்தில் ஸ்ட்ரிப் கெடும்.

கொழுப்பேநண்பன் | திங்கள், இரவு 9.48

குறைமாவு உணவில் இருக்கிறவர்களுக்குச் சிவப்பணு அதிக நாள் உயிரோடு இருப்பதால்தான் ஏ1சி கூடுகிறது என்று எங்கள் குழுவில் சொல்வார்கள். இந்தப் பெண்ணும் அப்படிப்பட்ட உணவில் இருந்தால்?

ஹீம் | செவ்வாய், காலை 7.20

உணவை மாற்றியதால் சிவப்பணு ஆயுள் நீண்டது என்பதற்கு நான் பார்த்தவரை நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஆயுள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மை. 2008-ல் வந்த ஒரு ஆய்வில் ரத்த நோய் எதுவும் இல்லாதவர்களிடமே சிவப்பணுவின் சராசரி வயது 38 நாளிலிருந்து 60 நாள் வரை வேறுபட்டது. அதே சுகர், வேறு ஏ1சி. இது பெரும்பாலும் அவரவர் உடல்வாகு.

குறைமாவு உணவால் வேறு ஒன்று நடக்கும், அதைத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். தசைகள் குளுக்கோஸைத் தவிர்க்கப் பழகிவிடுவதால் வெறும் வயிற்று சுகர் லேசாக ஏறும், குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட்டில் போலியாகத் தோற்பீர்கள். டெஸ்ட்டுக்கு முன் மூன்று நாள் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

வன்னிக்காடு | செவ்வாய், காலை 8.55

இங்க இலங்கையில எங்கட பக்கம் இதின்ர மற்றப் பக்கம்தான் கூடுதல் சிக்கல். ஏ1சி பொய்யாக் குறைஞ்சு காட்டுறது. வடமத்திய மாகாணத்திலையும் வவுனியாப் பக்கமும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் இருக்கு. அதோட சீனி வருத்தமும் சேர்ந்தவை, டயலிசிஸ் செய்து எரித்ரோபொயட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுற மருந்து) ஊசி போடுறவை எண்டால், புதுச் சிவப்பணு கூட ஓட்டத்துக்கு வருகுது, ஏ1சி கீழ இறங்குது. 2010-ல ஒரு பிரித்தானிய ஆய்வில சிறுநீரக வருத்தம் உள்ள நீரிழிவுக்காரருக்கு நாளத்தால இரும்பு ஏத்தின குழுவில ஏ1சி 7.40-ல இருந்து 6.96-க்கும், எரித்ரோபொயட்டின் போட்ட குழுவில 7.31-ல இருந்து 6.63-க்கும் இறங்கினது. சராசரிச் சீனி மாறேல்லை. அந்த 6.63-ஐப் பார்த்து "நல்ல கட்டுப்பாடு" எண்டு சொல்லுறதில என்ன பிரயோசனம்?

குருநாகல் பக்கம் தலசீமியா, எச்பிஇ கூட. பீட்டா தலசீமியாவோட எச்பிஇ சேர்ந்தவைக்கும் அடிக்கடி இரத்தம் ஏத்துறவைக்கும் ஏ1சி எடுக்கவே வேண்டாம், வாற எண் இரத்தம் தந்தவற்ற சீனியையும் சேர்த்துத்தான் சொல்லும். ஃப்ரக்டோசமின் (இரத்தப் புரதத்தில ஒட்டின சீனி) பாருங்கோ, இரண்டு மூன்று கிழமைச் சீனியைக் காட்டும். ஆனா சிறுநீரில புரதம் கனக்கப் போறவைக்கு அதுவும் குறைஞ்சு காட்டும்.

பொருநை | செவ்வாய், காலை 10.30

வன்னிக்காடு சொன்னதற்குப் பின்னால் மரபணுவும் உண்டு. 2017-ல் கிட்டத்தட்ட 1,60,000 பேரை ஆராய்ந்தார்கள். ஜி6பிடி (சிவப்பணுவைச் சிதையாமல் காக்கும் நொதி) மரபணுவில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குள்ள ஒரு மாற்றம், அதைச் சுமக்கும் ஆண்களின் ஏ1சி-யை 0.81 புள்ளி இறக்கியது. ஏ1சி-யை மட்டும் வைத்துச் சலித்தால் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம் பேரின் நீரிழிவு கண்ணில் படாமலே போகும் என்று கணக்கிட்டார்கள். 2024-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மரபணுத் தரவில் அடுத்த கட்டம் தெரிந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பும் நரம்புப் பாதிப்பும் கூடுதல். எண் குறைவாக வந்ததால் மருந்தும் குறைவாகக் கிடைத்தது.

நம் பக்கத்தில் ஜி6பிடி வகைகள் வேறு, மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா என்று. 0.81-ஐ அப்படியே இங்கே தூக்கிவந்து ஒட்டக்கூடாது. திசை மட்டும் அதே.

கிராமசுகாதாரம் | செவ்வாய், மதியம் 12.10

அப்படியானால் இதையும் பாருங்கள். ஆண், 55 வயது. வெளியே எடுத்த ஏ1சி 5.9. வெறும் வயிற்றில் 138, சாப்பிட்ட பின் 226, இரண்டும் லேப் சாம்பிள். ஹீமோகுளோபின் 11.6, எம்சிவி 98. கண் பரிசோதனையில் விழித்திரையில் மாற்றம் ஆரம்பித்திருக்கிறது. "ஏ1சி நார்மல், சுகர் இல்லை" என்று வெளியே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஹீம் | செவ்வாய், மதியம் 12.25

5.9-க்குச் சராசரி 123. நாளிலேயே தாழ்வான நேரத்தில் 138 இருக்கும்போது சராசரி 123 எப்படி வரும்? சிவப்பணு சீக்கிரம் சாகிறது. ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), சிவப்பணு சிதைந்தால் ஏறும் எல்டிஹெச், பிலிருபின் பாருங்கள். அதற்கு முன்னால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

கிராமசுகாதாரம் | செவ்வாய், மதியம் 12.41

பிபி மாத்திரை ஒன்று. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டை, ஐந்தாவது மாதம்.

ஹீம் | செவ்வாய், மதியம் 12.44

அந்த அட்டையில் தினமும் டாப்சோன் 100 மி.கி. இருக்கிறது. அதுதான்.

பொருநை | செவ்வாய், மதியம் 1.30

டாப்சோன் ஜி6பிடி சரியாக உள்ளவர்களிடமும் அளவைப் பொறுத்துச் சிவப்பணுவைச் சிதைக்கும். தோல் மருத்துவத்தில் வேறு பல நோய்களுக்கும் இதைத் தருகிறார்கள், அங்கேயும் இதே கதை. இவருக்கு வெறும் வயிற்றில் 126-க்கு மேல் வந்துவிட்டது, இன்னொரு நாள் திரும்ப எடுத்து அப்போதும் தாண்டினால் நீரிழிவு உறுதி, ஏ1சி என்ன சொன்னாலும். விழித்திரை இருக்கும் நிலையில் திரும்ப எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தொழுநோய் மருந்தை இதற்காக நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்று மட்டும் கண்காணியுங்கள். சிகிச்சை முடிந்து மூன்று மாதம்வரை இவருக்கு ஏ1சி எழுதவேண்டாம், குளுக்கோஸை வைத்தே மருந்தைக் கூட்டிக் குறையுங்கள்.

உணவுத்தட்டு | செவ்வாய், மாலை 5.00

முதல் ரிப்போர்ட்டுக்கு வருவோமா? குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட் எடுக்கலாம் என்று முடிவானால் எப்படி எடுப்பது? இங்கே ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள்.

சென்ட்ரிஃபியூஜ் | செவ்வாய், மாலை 5.42

மூன்று நாள் வழக்கமான சோறு, இட்லி. முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் முதல் சாம்பிள். அடுத்து 75 கிராம் குளுக்கோஸ், 250 முதல் 300 மி.லி. தண்ணீரில்.

இந்த 75-ல்தான் பாதி லேப் தடுமாறும். 75 என்பது நீர்மூலக்கூறு இல்லாத குளுக்கோஸின் எடை. கையில் இருப்பது மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம் நிறுக்க வேண்டும், டப்பாவின் முதுகைப் படியுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசு வையுங்கள். எலுமிச்சை பிழிந்தால் குமட்டல் குறையும். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், கடிகாரம் ஓடத் தொடங்குவது முதல் மடக்கிலிருந்து. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடறேன்" என்று கடைத்தெருவுக்கு நடந்துவிட்டு வந்தால் தசை குளுக்கோஸைத் தின்றிருக்கும், எண் குறைந்து வரும். வாந்தி எடுத்தால் டெஸ்ட் ரத்து, வேறொரு நாள் வரச் சொல்லுங்கள்.

பொருநை | செவ்வாய், மாலை 6.20

ஒரு மணி நேரச் சாம்பிளையும் சேர்த்து எடுங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-ல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி ஒரு மணியில் 155 அல்லது அதற்கு மேல் என்றால் இடைநிலை, 209 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. பழைய இரண்டு மணிக் கணக்கும் அப்படியே இருக்கிறது: 140 முதல் 199 வரை இடைநிலை, 200-லிருந்து நீரிழிவு. ஒரு மணி எண் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், நோயாளியும் பாதி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். எல்லா அமைப்புகளும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. என் கணிப்பில் விளிம்பில் உள்ளவர்களுக்கு இது ஏ1சி-யைவிடப் பயன்படும்.

தொடர் குளுக்கோஸ் சென்சார் ஒட்ட வசதி இருந்தால் 14 நாள் ஒட்டி, குறைந்தது 70 சதவீத நேரத் தரவு கிடைத்ததா என்று பார்த்து, 3.31 + 0.02392 × சராசரி என்று போடுங்கள். வரும் எண்ணுக்கும் லேப் ஏ1சி-க்கும் அரைப் புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த ஆளுக்கு ஏ1சி ஒத்துவரவில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்தச் செலவு வேண்டாம், ஃபெரிட்டினுக்குச் செலவழிக்கலாம்.

உணவுத்தட்டு | செவ்வாய், இரவு 8.15

இரும்பு முதலில் கொடுப்பதா, டெஸ்ட் முதலிலா?

பொருநை | செவ்வாய், இரவு 9.05

டெஸ்ட் எடுக்கும் அதே ஊசியில் ஃபெரிட்டினுக்கும் சிஆர்பி-க்கும் (அழற்சியைக் காட்டும் டெஸ்ட்) ரத்தம் எடுத்துவிடுங்கள். மாத்திரை தொடங்கிய பின் ஃபெரிட்டின் பார்த்தால் குழப்பம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், சிஆர்பி அதற்குத்தான். 15-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை, 30-க்குக் கீழே என்றாலும் சிகிச்சை தருவோம். மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு, மூலம், கருப்பு மலம் என்று இரும்பு எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். ஓட்டையை விட்டுவிட்டு ஊற்றினால் நிற்காது.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தருவது நல்லது. 2017-ல் சூரிச் ஆய்வில் இரும்பு குறைந்த பெண்களுக்கு 60 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உறிஞ்சிய சதவீதம் கூடியது. ஒரு வேளை இரும்பு போனதும், இரும்பு உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு நாளைக்குக் கதவைச் சாத்திவிடும். இந்தப் பெண்ணுக்கு 8.7 என்பதால் எந்த அளவு, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். காபி, டீ ஒரு மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது.

உணவுத்தட்டு | செவ்வாய், இரவு 9.20

ஏ1சி மறுபடி எப்போது?

ஹீம் | செவ்வாய், இரவு 9.37

இரும்பு வேலை செய்யத் தொடங்கி ஏழு, பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் வெள்ளம்போல வரும். அதற்குப் பின் வரும் வாரங்களில் எடுத்தால் 6.6 இறங்கிக் காட்டும். மெட்ஃபார்மின்தான் குறைத்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், மாத்திரையும் ஆயுளுக்கும் தொடரும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டு மூன்று மாதம் ஆகட்டும். அதுவரை லேப் குளுக்கோஸ் மட்டும். முதல் இரும்பு மாத்திரை போட்ட தேதியை ரிப்போர்ட் கவரின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள், அடுத்து பார்ப்பவருக்கு இந்த இழையைப் படிக்க நேரம் இருக்காது.